மழை ஓய்ந்தபின் வாகன நிறுத்துமிடக் கோடுகளைப் புதுப்பிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகு, வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்த அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். சென்ற ஆண்டு வெள்ளை வெளேரென்று இருந்த கோடுகள் சாம்பல் நிறத் தழும்புகளாகக் கிடக்கும். இரண்டு கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று கோணலாக நிற்கும். அதனால் அண்டை வீட்டாருக்குள் மனக்கசப்பு வருகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கென ஒதுக்கிய இடமும், தீயணைப்பு வண்டி திரும்புவதற்கென விட்டுவைத்த வெற்றிடமும் கோடு மங்கிய அன்றே யாராவது ஒருவருடைய வண்டிக்குப் போய்விடுகின்றன என்பதே எனக்குப் பெரிய கவலை.

எங்கள் குடியிருப்பில் ஒரு முறை, பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மழை விட்ட நான்காம் நாளே கோடு போட்டோம். பிப்ரவரி முடிவதற்குள் அது அப்பளம் அப்பளமாக எழும்பி உரிந்துவிட்டது. மட்டமான பெயிண்ட் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். உரிந்த ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடியில் வெண்மையான உப்புத்தூள் படிந்திருந்தது. கோடு போடுவது ஒரு நாள் வேலை, தரையை அதற்கு ஏற்றதாக ஆக்குவது பத்து நாள் வேலை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

பனி கொட்டும் நாடுகளில், தெருவில் குவியும் பனியை வாரித் தள்ளும் இயந்திரத்தின் தகடும், விரிசலுக்குள் உறைந்து விரியும் நீரும் கோடுகளைச் சிதைக்கின்றன. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்முடைய தொல்லை கீழிருந்து வருகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உப்பையும் சேர்த்து இழுத்து வருகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பெயிண்ட் படலத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை மேலும் உறிஞ்சிப் படலத்தைக் கொப்பளமாகத் தூக்குகிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதனுடன் உப்புக்காற்றும் சேர்கிறது. வெள்ளம் விட்டுச்சென்ற வண்டல் மண்ணோ, சக்கரங்களுக்கு அடியில் உப்புத்தாளைப் போல் தேய்த்து மிச்சத்தையும் எடுத்துவிடுகிறது.

ஆகவே காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. பொங்கல் கழிந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். போகிக்கு முந்தைய நாளும் போகியன்றும் தூரிகையைத் தொட வேண்டாம். அன்று காற்றில் மிதக்கும் கரியும் சாம்பலும் ஈரப் பெயிண்டில் படிந்தால் பிறகு எடுக்க வழியில்லை. சித்திரை வெயிலிலும் செய்யக்கூடாது. சுடும் தரையில் மேற்பரப்பு மட்டும் சட்டென்று ஏடு கட்டிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட கரைப்பான் குமிழாக வெடித்து வெளியேறும்.

தரை காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். தண்ணீர் அதிக நாள் நின்ற மூலை, தண்ணீர்த் தொட்டியின் பக்கம், நடுப்பகுதி என மூன்று இடங்களிலாவது இதைச் செய்ய வேண்டும். நடுவில் காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மூலையை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்தது சுத்தம் செய்தல். இதில் காட்டும் சிரத்தைதான் கோட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முதலில் வண்டலைக் காய்ந்த நிலையிலேயே தென்னந்துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது சேறாகி மறுபடியும் துளைகளுக்குள் இறங்கும். பாசி படிந்த இடங்களில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கறை போகவில்லை என்பதற்காக அதன்மேல் ஆசிட் ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். காற்றோட்டம் குறைந்த கீழ்த்தளத்தில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட் கான்கிரீட்டில் புதிய உப்பையும் உண்டாக்குவதால், இந்த வேலைக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

எண்ணெய்க் கறைக்கு மரத்தூளைக் கொட்டி ஓர் இரவு ஊறவிட்டு அள்ளிய பிறகு, சலவை சோடாவும் வெந்நீரும் கொண்டு தேய்க்கலாம். கறை போனதா என்று அறிய, கழுவிக் காய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: நீர் பரவி உறிஞ்சப்பட்டால் சரி, தாமரை இலைத் தண்ணீரைப் போல் உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. எண்ணெய் ஊறிய மரத்தூளை மழைநீர் வடிகாலில் தள்ளிவிடக் கூடாது. நம் பகுதி வடிகால்கள் கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் போய்ச் சேரும் இடத்தில் மீனவர்களின் பிழைப்பு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் கழுவலுக்கு எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கரையோரப் பகுதிகளில் கடல்நீர் உட்புகுந்ததால் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்த நீரால் கழுவினால், போக்க நினைத்த உப்பை நாமே திரும்பக் கொண்டுவந்து தெளித்ததாகும். மெட்ரோ வாட்டர் எனப்படும் மாநகரக் குடிநீரைக் கொண்டு இரண்டு முறை அலசுங்கள். செலவு சற்றுக் கூடினாலும் தகும். அதன்பின் நன்றாகக் காயவிட்டு, பாலிதீன் தாள் சோதனையை இன்னொரு முறை செய்துவிட வேண்டும்.

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்ட வேண்டிய அவசியமில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்த்தால், எது பிடிப்போடு இருக்கிறது, எது உரியப் போகிறது என்பது தெரிந்துவிடும். பிடிப்பு உள்ள இடத்தில் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்தால் போதும். டேப்போடு வந்துவிட்டால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும். விரல் வைத்தால் மாவுபோல் ஒட்டும் வெயில் தின்ற பெயிண்டையும் தேய்த்து நீக்க வேண்டும்.

பெயிண்ட் வாங்கும்போது, கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். சிமெண்டில் உள்ள காரம் அதன் எண்ணெய்ப் பொருளைச் சோப்பாக மாற்றிவிடுவதால் அது நிலைக்காது. சாலைக் குறியீட்டுக்கென்றே தயாரிக்கப்படும் பெயிண்டைக் கேட்டு வாங்கி, கான்கிரீட்டுக்கு ஏற்றதுதானா என்று டின்னில் படித்துக்கொள்ளுங்கள். தூண்களுக்கிடையே நிழலில் இருக்கும் நிறுத்துமிடங்களுக்கு, இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பெயிண்ட் நன்றாக உழைக்கும். வெட்டவெளியில் அது வெயிலில் மாவாகிவிடும். நெடுஞ்சாலைகளில் உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் கோடு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். கனரக லாரிகள் வந்துபோகும் மணலி கிடங்குகளின் தார்த் தரைக்கு அது பொருந்தும், பேவர் பிளாக் பதித்த வீட்டு வளாகத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

அளவு எடுக்கும்போது பழைய கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு போய்விட வேண்டாம். முன்பு தவறாகப் போட்டதைத் திருத்த இதுவே வாய்ப்பு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், இருசக்கர வண்டிக்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் வகுத்திருக்கின்றன. மாற்றுத்திறனாளிக்கான இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஏனெனில் கதவை முழுதாகத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்த அவ்வளவு இடம் தேவைப்படுகிறது. அது நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கொத்தனார் நூலில் சுண்ணாம்புப் பொடி தோய்த்து, இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேரான தடம் விழும். காருக்கான கட்டத்தின் இரு மூலைவிட்டங்களும் 5.59 மீட்டர் வந்தால் கட்டத்தின் மூலைகள் செங்கோணம் பிசகாமல் இருக்கின்றன என்று பொருள்.

10 சென்டிமீட்டர் அகலக் கோட்டுக்கு, இரு பூச்சும் சேர்த்து ஈரநிலையில் 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) தடிப்பு வரும்படி அடித்தால், ஒரு லிட்டர் 25 மீட்டர் நீளத்துக்கு வரும். ஒரே வரிசையில் 20 கார்கள் என்றால் 21 கோடுகள், 105 மீட்டர், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று அதிகம். பேவர் பிளாக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் ஆறு லிட்டராக வாங்கிக்கொள்ளலாம்.

வளாகத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, எந்தப் பாதி எந்த நாள் என்பதை மூன்று நாள் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் நேரில் சொல்லிவிடுங்கள். காலைப் பனி ஈரம் முழுவதும் நீங்கிய பிறகு, ஒன்பதரை மணிவாக்கில் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் முடிக்க வேண்டும். நூல் தடத்தின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிறு ரோலரால் மெல்லிய முதல் பூச்சை அடித்து, டின்னில் குறிப்பிட்ட நேரம் காயவிட்டு இரண்டாவதை அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் உள்ளே காயாது. இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, வெட்டவெளிக் கோடுகளில் சதுர மீட்டருக்கு 250 கிராம் வீதம் கண்ணாடி மணித்தூளைத் தூவினால் இரவில் முகப்பு வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும். இருசக்கர வண்டிகள் திரும்பும் இடத்தில், கழுவிக் காயவைத்த நயமான மணலைப் பெயிண்டில் கலந்தே அடிக்க வேண்டும். நனைந்த வழவழப்பான கோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, பின்னால் குழந்தையோடு ஒருவர் விழுந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதன்பிறகு இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டேப்பைப் பெயிண்ட் முழுவதும் காய்வதற்கு முன்பே, சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி அன்றைக்கே வண்டியை ஏற்ற வேண்டாம்; குறைந்தது ஓர் இரவு கயிறு கட்டிவையுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் புதுக் கோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதை முதல் வாரத்தில் ஓட்டுநர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

வேலை முடிந்த அன்றே, ஒவ்வொரு கோட்டின் முனைக்கும் நேராக, வெள்ளம் எட்டாத உயரத்தில் சுற்றுச்சுவரிலோ தூணிலோ ஒரு சிறு குறியும் எண்ணும் எழுதிவிடுங்கள். அடுத்த தை மாதம் தரையில் ஒன்றுமே மிச்சமில்லாவிட்டாலும் அந்தக் குறிகளைப் பிடித்து நூல் போட்டுவிடலாம்.