உப்பு ஏத்துன பழைய லாரிக்கு வீட்டுலயே சீட்டு கட்டுறது

டாட்டாவும் பென்ஸும் 1954-லருந்து 1969 வரைக்கும் சேந்து வண்டி செஞ்ச காலத்து லாரி, வாலிநோக்கம் உப்பளத்துலருந்து எங்க வாப்பா உப்பு ஏத்துன வண்டி, இப்ப கீழக்கரை வீட்டு வாசல்ல நிக்குது. கேபின் சீட்டு முழுக்க நானே கழட்டி கட்டினேன். நம்ம கடற்கரைல சீட்டு மேலருந்து கிழியுறத விட அடியிலருந்து துருப்புடிச்சு போறதுதான் ஜாஸ்தி, அதனால எடுத்ததும் ரெக்சின் கடைக்கு ஓடாதீங்க, முதல்ல உப்ப எடுங்க.

போல்ட்டு இறுகிக் கெடக்கும், முத நாள் ராத்திரியே டீசல் ஊத்தி ஊற விட்டுருங்க. கழட்டுன ஃப்ரேமையும் கேபின் தரையையும் நல்ல தண்ணில கழுவணும், எங்க தெருவுல போர் தண்ணியே உப்புதான், அதனால காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு புடிச்சு வச்ச கொடத்து தண்ணிலதான் கழுவினேன். ஒரு நாள் முழுக்க வெயில்ல காயவச்சு, கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு. துரு மேலயே பெயிண்ட் அடிச்சா வாடைக்காத்து ஒரு சீசன் தாங்காது, கொப்புளம் கொப்புளமா உரியும்.

பழைய கவரை கிழிச்சு போட்றாதீங்க, அதான் உங்களுக்கு அளவு! தையல பிளேடால பிரிச்சு, துண்டு துண்டா நம்பர் போட்டு, புது ரெக்சின் மேல வச்சு வரைஞ்சு வெட்டுங்க. தையலுக்கு விட்ட மடிப்பு அந்த துண்டுலயே இருக்கு, மறுபடி கூட்டுனா கவர் தொளதொளன்னு ஆயிரும்.

ஸ்பிரிங் மேல சாக்கு, அது மேல தேங்கா நார் ஷீட்டு, அதுக்கும் மேல ஃபோம். உக்காருற இடத்துக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு 32 போதும். ஃபோம கவர விட அரை இஞ்ச் பெருசா வெட்டுனாதான் சுருக்கம் இல்லாம உக்காரும்.

தைக்க 18-ம் நம்பர் ஊசி, தையல் 4 மில்லி நீளம், நெருக்கித் தைச்சா ஓட்டை வரிசையிலயே ரெக்சின் கிழியும். தடிச்ச மடிப்பு வந்தா தையல் மிஷின் மோட்டார விட்டுட்டு கையால சக்கரத்த சுத்துங்க. வலை முடையுற நைலான் நூல் வீட்டுல கெடக்கேன்னு எடுத்துராதீங்க, வெயில்ல நைலான் இத்துப்போகும், பாலியஸ்டர் நூல்தான் தாங்கும்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998, ரெண்டு பக்கமும் தடவி விரல்ல ஒட்டாத பதம் வந்தப்புறம் அமுக்குங்க, பக்கத்துல அடுப்பு பீடி எதுவும் கூடாது. கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்துல வெளிய வச்சு ஒட்டுனா பசையெல்லாம் மணல்தான்.

மாட்டுறதுக்கு முன்ன ரெக்சின அரை மணி நேரம் வெயில்ல போட்டா இளகிக் குடுக்கும். நடுவுல ஆரம்பிச்சு மூலைக்கு இழுத்துட்டு போங்க, ஸ்டேப்பிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கணும். அடிப்பலகைல நாலஞ்சு ஓட்டை போட்டா ஈரம் தங்காது.

டிரைவர் பக்கத்து கதவுல வாப்பா பில் புக்கு வைக்கிற பாக்கெட்டு இருக்கு, அத மட்டும் புதுசா மாத்த மனசு வரல. வெடிச்ச ரெக்சினுக்கு பின்னாடி காடாத்துணி ஒட்டி அப்படியே மாட்டியாச்சு.