சென்னைக் கடைத்தெருக்களில் துணி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கோடவுன் தெருவுக்கோ பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக்கோ முதன்முறையாகத் துணி எடுக்க வருகிறவர்களைக் கவனித்தால், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வது தெரிகிறது. கூட்டத்தில் பணப்பையைக் காப்பது, பேரம் பேசுவது ஆகியவற்றை ஊரே சொல்லிக்கொடுக்கும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பன்னா கேட்காமல் விலையை ஒப்பிடுவது

துணியின் அகலத்தைத்தான் கடைக்காரர்களும் தையற்காரர்களும் பன்னா என்கிறார்கள். அதை அங்குலத்தில் கணக்கிடுவார்கள். ரவிக்கைத் துணியும் லைனிங்கும் பெரும்பாலும் 36 பன்னாவிலும், சுடிதாருக்கான காட்டனும் ரேயானும் பெரும்பாலும் 44 பன்னாவிலும், சட்டைத் துணிகளில் பல 58 பன்னாவிலும் வருகின்றன. ஆனால் ஒரே வகைத் துணி இரண்டு அகலங்களில் கிடைப்பதும் உண்டு. புதியவர்கள் நஷ்டப்படுவது அங்கேதான். அதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களை யாரும் ஏமாற்றுவதில்லை. ஒரு கடையில் மீட்டர் 100 ரூபாய், எதிர்க் கடையில் 150 ரூபாய் என்றால் கால் தானாக முதல் கடைக்குப் போகும். முதலாவது 36 பன்னா, இரண்டாவது 58 பன்னா என்றால், சதுர மீட்டருக்கு முதலாவது ஏறத்தாழ 109 ரூபாயும் இரண்டாவது 102 ரூபாயும் ஆகின்றன. மலிவு என்று எடுத்ததுதான் விலை கூடியது.

எங்கள் குடியிருப்பில் கோலாட்டத்துக்காக ஒரே நிறத்தில் சுடிதார் தைக்க முடிவு செய்தபோது, துணி எடுக்கும் பொறுப்பை ஏற்ற பெண்மணி ஆளுக்கு இரண்டரை மீட்டர் என்று கணக்கிட்டு, இரண்டு கடைகளில் விலை கேட்டு, குறைந்த விலையில் எடுத்துவந்தார். தையற்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இது 36 பன்னா, கைக்குத் துணி போதாது என்றார். மீண்டும் அதே கடைக்கு ஓடியபோது அந்தத் தான், அதாவது அந்த முழுத் துணிச் சுருள், விற்றுத் தீர்ந்திருந்தது. புதிய தானின் நிறம் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் வேறாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் சிறிது மாறுவது இயல்பு என்பதால், கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. வெட்டிய துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே இல்லை. இன்றும் கடைத்தெருவில் யாராவது “மீட்டர் என்ன விலை?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. “என்ன பன்னா?” என்று சேர்த்துக் கேட்க ஒரு நொடிகூட ஆகாது. வியாபாரிகள் தாமாகச் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது: அவர்களிடம் வழக்கமாக வாங்குகிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே தையற்காரரிடம் 36 பன்னாவுக்கு எத்தனை மீட்டர், 44 பன்னாவுக்கு எத்தனை மீட்டர் என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அளவு நாடாவை வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். இரு பக்கக் கரையும் தையலுக்கு உதவாது என்பதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பலருக்கு ஒரே நிறம் வேண்டுமென்றால், முழுவதையும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லி, அரை மீட்டர் கூடுதலாகவே எடுப்பது நல்லது.

நனைக்காமல் தைக்கக் கொடுப்பது

பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்; பிறகு உள்ளே இருப்பது மட்டும் சுருங்கி, உடை முழுவதும் கொசகொசவென்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை போவது

மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும்.

காரில் போவது

வேண்டாம். கோடவுன் தெருவுக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

விலை படிந்தபின் நகர்ந்துவிடுவது

நடைபாதைக் கடைகளில், குறிப்பாகக் காலையில் போணி ஆவதற்கு முன், நீங்கள் கேட்ட விலைக்கே கடைக்காரர் இறங்கி வந்தபின் வேண்டாம் என்று கிளம்புவது மிகவும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் தொகை எதையும் சொல்லாமல் இருங்கள்.

மொத்தக் கடையில் சில்லறையாகக் கேட்பது

சில கடைகளில் முழுத் தானாக மட்டுமே விற்பார்கள். பத்துத் துணியை இறக்கிப் போடச் சொன்னபின் மூன்று மீட்டர் போதும் என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். வெட்டித் தருவார்களா என்பதை வாசலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கட் பீஸை மடிப்போடு வாங்குவது

ரங்கநாதன் தெரு போன்ற இடங்களில் குவித்துவைத்து விற்கும் கட் பீஸ்களில் நல்ல துணியும் கிடைக்கும், கறையும் ஓட்டையும் உள்ளதும் கிடைக்கும். பழுது பெரும்பாலும் உள்மடிப்பில்தான் இருக்கும் என்பதால், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முழுவதும் விரித்துப் பார்த்து, நீளத்தையும் அகலத்தையும் அளந்த பிறகே பணம் கொடுங்கள். விரிக்கக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டியதில்லை.