இன்சூரன்ஸ் ஃபார்ம்ல ஏன் இவ்ளோ நோண்டி நோண்டி கேக்குறாங்க, எப்படி பதில் எழுதறது

அப்பாவுக்கு எந்த வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு, தம் அடிப்பீங்களா, சம்பளம் என்ன, எடை எவ்ளோ... சொந்தக்காரங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க. மொத தடவ ஃபார்ம் நிரப்பும்போது எனக்கும் கடுப்பாதான் இருந்துச்சு.

ஆனா விஷயம் சிம்பிள். உங்க உடம்பு பத்தி உங்களுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. எதுவுமே கேக்காம எல்லாருக்கும் ஒரே பிரீமியம்னு வச்சா நோய் இருக்கறவங்க முண்டியடிச்சுட்டு வருவாங்க, நல்லா இருக்கறவங்க நமக்கெதுக்குன்னு ஒதுங்கிடுவாங்க, க்ளைம் ஏறும், பிரீமியம் ஏறும், அதப் பாத்து இன்னும் நாலு பேர் ஓடிடுவாங்க. 1766லயே லண்டன் கோர்ட்ல மான்ஸ்ஃபீல்ட் பிரபுங்கற நீதிபதி, இன்சூரன்ஸ் எடுக்கறவர் தனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயத்த மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. சுமத்ரால இருந்த ஒரு கோட்டை பத்தின கேஸ் அது. (அதுல ஜெயிச்சது என்னமோ இன்சூரன்ஸ் எடுத்தவர்தான், அது வேற கதை.)

சம்பளம் எதுக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. நீங்க இல்லாமப் போனா குடும்பத்துக்கு நின்னுபோற வருமானத்த ஈடு கட்டத்தான் லைஃப் கவர், வருமானத்துக்கு சம்பந்தமே இல்லாத தொகைக்கு கவர் கேட்டா அண்டர்ரைட்டருக்கு (உங்க ஃபார்ம பாத்து கவர் குடுக்கலாமா, பிரீமியம் எவ்ளோன்னு முடிவு பண்ற கம்பெனி ஆளு) சந்தேகம் வரத்தான் செய்யும். கார் இன்சூரன்ஸ்ல ராத்திரி வண்டி எங்க நிக்கும்னு கேக்கறது திருட்டுக்காக.

இப்ப ஃபார்முக்கு வருவோம். உக்காரும்போதே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட், மாத்திரை சீட்டு எல்லாத்தையும் பக்கத்துல வச்சுக்கோங்க, ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. நிறைய பேர் சறுக்கறது ஒரு இடத்துல: "சுகர் இருக்கா?"ன்னு கேட்டா, மாத்திரை போட்டு கன்ட்ரோல்ல இருக்கேன்னு "இல்லை"ல டிக் பண்ணிடுவாங்க. கன்ட்ரோல்ல இருந்தாலும் இருக்குன்னுதான் அர்த்தம், மாத்திரை பேரு, எந்த வருஷத்துல இருந்து, கடைசி ரீடிங் என்னன்னு எழுதுங்க. மிஞ்சிப் போனா லோடிங்னு பிரீமியத்த ஏத்துவாங்க, இல்ல கொஞ்ச நாள் அந்த வியாதிக்கு கவர் கிடையாதும்பாங்க, சிலருக்கு பாலிசியே இல்லன்னும் சொல்லலாம். ஆனா இப்ப மறைச்சுட்டு க்ளைம் நேரத்துல வீட்டுக்காரங்க அலையறதுக்கு இது எவ்வளவோ மேல்.

தம் விஷயத்துலயும் சாமர்த்தியம் காட்டாதீங்க. நிகோடின் சீக்கிரம் இறங்கிடும், ஆனா உடம்பு அத உடைச்சு உண்டாக்குற கோட்டினின் சில நாள் நிக்கும், யூரின் டெஸ்ட்ல மாட்டும். தம்ம விட்டுட்டு நிகோடின் சூயிங்கம் போடறவங்களுக்கும் காட்டும், அதனால அதையும் எழுதிடுங்க.

ஏஜென்ட் "இதெல்லாம் எழுதாதீங்க, பிரீமியம் ஏறிடும்"னு சொன்னா கேக்காதீங்க, கையெழுத்து உங்களுது. வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போடவே போடாதீங்க. ஒரு கேள்வி புரியலன்னா எதுக்குன்னு கேளுங்க, உறுதியா தெரியலன்னா "இல்லை" போடாம தெரிஞ்சத எழுதுங்க. பாலிசி கைக்கு வந்ததும் கூட வர்ற ஃபார்ம் காப்பிய ஒரு தடவ படிச்சுப் பாருங்க, நீங்க சொன்னது ஒண்ணு, அதுல டைப் ஆனது ஒண்ணுன்னு இருந்தா உடனே எழுதிக் குடுத்து மாத்திடுங்க.

அப்புறம் இன்னொண்ணு, ஃபோன்ல இன்சூரன்ஸ்னு சொல்லிட்டு கார்டு பின் நம்பரோ பேங்க் பாஸ்வேர்டோ கேட்டா பதிலே சொல்லாம கட் பண்ணிடுங்க, உங்க ரிஸ்க்க கணக்கு போட அது எவனுக்கும் தேவையில்ல.