டிவி கேம் நினைவுகளைப் படப் புத்தகமாக்குவது எப்படி? உப்புக்காற்று ஊர்களுக்கான செய்முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரக் கரையில் 90-களில் வளர்ந்தவர்களிடம் ‘டிவி கேம்’ (டிவியில் செருகி விளையாடும் வீடியோ கேம் பெட்டி) என்று சொன்னாலே போதும். மஞ்சள் கேசட்டும் கை சுடும் அடாப்டரும் கண்முன் வந்துவிடும். அந்த நினைவுகளை வீட்டிலேயே வரைந்து, அச்செடுத்து, நூலால் தைத்து முடிக்கிற 32 பக்கப் புத்தகத்துக்கான செய்முறை இது. அளவு ஏ5. தமிழில் தட்டச்சு செய்யவும், படத்தைத் திறந்து சேமிக்கவும் தெரிந்திருந்தால் போதும்.

1. நினைவுகளைக் கேட்டு வாங்குவது

“எந்த கேம் பிடிக்கும்?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் மரியோ, கான்ட்ரா என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். டிவி எந்த மூலையில் இருந்தது, அதன்மேல் என்ன துணி விரித்திருந்தது, இரண்டாவது ஜாய்ஸ்டிக் யார் கைக்குப் போகும், அடாப்டரை வீட்டில் யார் ஒளித்துவைப்பார்கள், மொட்டைமாடி அன்டெனா இலங்கையின் ரூபவாஹினிக்காகக் கடல் பக்கம் திரும்பியிருந்ததா என்று கேளுங்கள். படம் வரைய இந்த விவரங்கள்தான் வேண்டும்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து, சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். “வாப்பா சபர்லேர்ந்து வந்தப்ப கொண்டாந்தாங்க” என்பதை “தந்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்” என்று திருத்தினால் அந்த வீடே காணாமல் போய்விடும். பெயர் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுகளில் கவனம் தேவை. நிண்டெண்டோவின் டிவி கேம் பெட்டியான ஃபேமிகாம் ஜப்பானில் வெளிவந்தது 1983-ல். நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அதன் நகல் பெட்டிகள். டக் ஹன்ட் 1984, சூப்பர் மரியோவும் டேங்க் விளையாட்டான பேட்டில் சிட்டியும் 1985, வீட்டுப் பெட்டிக்கான கான்ட்ரா 1988. இவை விளையாட்டு பிறந்த ஆண்டுகள். நினைவுக்கு அடியில் இவற்றைப் போட்டால் பிழையாகிவிடும். “நான் ஆறாவது படிக்கும்போது” என்று சொன்னால் அப்படியே போடுங்கள்.

பார்த்து வரைவதற்காகப் பழைய கேசட்டை இரவல் வாங்கினால், ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாயால் ஊதாதீர்கள். அந்த நாளில் ஊதியதும் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதுதான். மூச்சின் ஈரம் கேசட் முனையின் உலோகத் தகட்டை அரிக்கவே செய்யும். இந்தக் காற்றில் தகட்டில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.

2. பக்கத் திட்டம்

எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்தால் 32 பக்கம். வெற்றுத்தாளில் அப்படி ஒரு மாதிரி மடித்து, பக்க எண் போட்டு, எந்த நினைவு எங்கே என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒரு நினைவுக்கு எதிரெதிர் இரண்டு பக்கம்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. நடுப்பக்கம் மட்டும் ஒரே தாளில் விரிகிறது. அகலமான படத்தை அங்கே வையுங்கள்.

3. படம்: அறை கையால், திரை கட்டத்தால்

டிவித் திரைக்குள் இருப்பதை மட்டும் பிக்சலாக (சின்னச் சதுரக் கட்டங்களாக) வரையுங்கள். அறை, பாய், ஜன்னல், ஆட்கள் எல்லாம் பேனாவும் நீர்வண்ணமும். எல்லாவற்றையும் பிக்சலாக்கினால் புத்தகம் விளையாட்டு விளம்பரம் மாதிரி ஆகிவிடும், யாருடைய வீடு என்றே தெரியாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கையால் வரைந்ததை ஸ்கேனரில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுங்கள். கைபேசியின் ஸ்கேன் செயலிகள் தாளை வெளுப்பாக்குகிறேன் என்று இளம் வண்ணங்களைத் தின்றுவிடும்.

பிக்சல் படத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கணினியில் கூர்மையாகத் தெரிந்த கட்டம் அச்சில் மசமசவென்று வருவதற்குக் காரணம், படத்தைப் பெரிதாக்கும்போது மென்பொருள் கட்டங்களின் ஓரத்தைக் கலந்துவிடுவது. இதற்குத் தீர்வு ஒரு கணக்கு. ஏ5 பக்கம் 148×210 மி.மீ. நான்கு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் மிச்சம் 128×190 மி.மீ. 300 டிபிஐ-யில் அது 1512×2244 பிக்சல். இதை 12-ஆல் வகுத்தால் 126×187. ஆகவே முழுப்பக்கப் பிக்சல் படத்தை 126×187 கட்டத்தில் வரைந்து, சரியாக 12 மடங்கு பெரிதாக்குங்கள். தாளில் ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். அளவுகோல் வைத்தே திட்டமிடலாம்.

மடங்கு எப்போதும் முழு எண்ணாக இருக்க வேண்டும். 11.5 மடங்கு என்றால் சில கட்டம் தடிக்கும், சில மெலியும். பெரிதாக்கும்போது பட மென்பொருளான கிரிட்டாவிலும் ஃபோட்டோஷாப்பிலும் ‘நியரஸ்ட் நெய்பர்’, கிம்ப்பில் இன்டர்பொலேஷன் ‘நன்’ என்று தேர்ந்தெடுங்கள். சேமிப்பது பிஎன்ஜி-யில் மட்டும். ஜேபெக்கில் சேமித்தால் கட்டங்களைச் சுற்றி அழுக்குப் படரும்.

அறைக்குள் இருக்கும் சின்ன டிவிக்கு இன்னொரு அளவு. ஃபேமிகாமின் திரை 256×240. அதை அப்படியே கால்பங்காக்கினால் 64×60 வரும், ஆனால் பழைய டிவி அதை 4:3-க்கு இழுத்துக் காட்டியது. 80×60 கட்டம் எடுத்தால் நினைவில் இருக்கிற அகலம் கிடைக்கும். நிறத்தையும் கட்டுப்படுத்துங்கள்: அந்தப் பெட்டி ஓர் உருவத்துக்கு மூன்று நிறம்தான் தந்தது, முழுத்திரைக்கும் ஒரே சமயத்தில் 25. ஆளுக்கு மூன்று நிறம் என்று வைத்தாலே அந்தக் காலத்து முகம் வந்துவிடும்.

டக் ஹன்ட்டில் துப்பாக்கி வைத்து வாத்து சுட்ட நினைவு கட்டாயம் யாராவது சொல்வார்கள். அதை மூன்று படங்களாக வரையுங்கள்: பறக்கும் பறவை, முழுக் கறுப்பு, கறுப்பில் பறவை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். விசையை அழுத்தியதும் திரையில் நடந்தது அதுதான்; துப்பாக்கிக்குள் இருந்த ஒளியுணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் அடிபட்டதாகக் கணக்கு. குழாய் டிவியின் ஒளி நேரத்தை நம்பிச் செய்ததால் தட்டை டிவியில் அது வேலை செய்யாது.

மரியோவின் உருவத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், உரிமை நிண்டெண்டோவுடையது. பெயரை எழுதுங்கள், உருவத்தை நீங்களே புதிதாக உருவாக்குங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் இதில் கூடுதல் கண்டிப்பு வேண்டும்.

பிக்சல் வரையும் மென்பொருளில் லிப்ரேஸ்ப்ரைட் இலவசம், போதுமானது. ஏஸ்ப்ரைட்டுக்குக் காசு கொடுக்க முதல் புத்தகத்தில் அவசியம் இல்லை.

இன்னும் ஓடுகிற பழைய டிவி கிடைத்துப் படமெடுக்க முடிந்தால், கேமராவின் ஷட்டரை 1/25 நொடியில் வையுங்கள். நம் ஊர் டிவி 50 ஹெர்ட்ஸ். வேகத்தைக் கூட்டினால் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். விளக்கை அணைத்துவிட்டு, முக்காலியில் வைத்து எடுங்கள்.

4. தமிழ் எழுத்து உடையாமல் பார்ப்பது

பக்கம் கோர்க்க ஸ்கிரைபஸ் 1.6 என்ற மென்பொருள். பழைய 1.4-ல் தமிழ் உடையும்: ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துரு: உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 11 புள்ளி, வரி இடைவெளி 17, தலைப்புக்கு பலூ தம்பி. இரண்டும் இலவசம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு வேண்டாம். அதில் அடித்ததைப் பிறகு தமிழில் தேட முடியாது, நேராக வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் எழுத்து சிதறும்.

கறுப்பு உரைக்கு 100 விழுக்காடு கறுப்பு மை மட்டும் போதும். நீலம் ஏமாற்றும்: சயான் (இளநீலம்), மெஜன்டா (இளஞ்சிவப்பு) மைகள் இரண்டும் 100 விழுக்காடு என்றால் அச்சில் ஊதாவாக வரும். மெஜன்டாவை 60-க்குள் நிறுத்துங்கள். திரையில் பளீரென்ற விளையாட்டு வானம் தாளில் மங்குவது தவிர்க்க முடியாதது. ஒரே ஒரு பக்கத்தை முதலில் அச்செடுத்துப் பார்த்து நிறத்தைத் திருத்துங்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதியுங்கள். படச் சுருக்கத்தை இழப்பில்லாத ‘ஜிப்’ முறைக்கு மாற்றுங்கள். ‘தானியங்கி’ என்று விட்டால் ஜேபெக் புகுந்து முன்பு செய்ததைக் கெடுத்துவிடும். அச்சகத்தில் பிடிஎஃப்பை கோரல்டிராவில் திறக்கிற பழக்கம் உண்டு, திறந்த கணமே தமிழ் சிதறலாம். அதனால் எழுத்தையெல்லாம் ‘அவுட்லைன்’ (எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவம்) ஆக மாற்றிய பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

5. தாள், மடிப்பு, தையல்

உள்தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ. 70-ல் கறுப்புத் திரைப் பக்கம் பின்னால் தெரியும். அட்டை 250 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். 10 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டிருப்பதால் சாதாரண ஏ4 லேசர் பிரிண்டரே போதும். ‘புக்லெட்’ முறை, இருபக்க அச்சு, குறுகிய விளிம்பில் புரட்டல். நீள விளிம்பில் புரட்டினால் பின்பக்கம் தலைகீழாக வரும். கட்டைப் பிரித்த தாளை அச்செடுக்கும் அறையிலேயே ஒரு நாள் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்த தாள் பிரிண்டருக்குள் சுருளும். பங்குனியில் செய்வது சுலபம்.

மடிப்பில் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) உரியாமலிருக்க, மை தீர்ந்த பேனா முனையால் நடுவில் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். இந்தக் கடல்காற்றில் சாதாரணப் பின் துருப்பிடித்து நடுமடிப்பில் செம்பழுப்புக் கறை இறங்கும், பிறகு தாள் அந்த இடத்தில் அறுந்துவிடும். ஸ்பைரல் கம்பியும் அப்படியே. வலை பின்னுகிற மெல்லிய முறுக்கு நைலான் நூல் எந்த மீன்பிடித் துறையிலும் கிடைக்கும், அதில் தையுங்கள். தங்கூசியை (ஒற்றை இழைத் தூண்டில் நரம்பை) எடுக்காதீர்கள், இழுக்கும்போது தாளைக் கத்திபோல் அறுக்கும்.

நூல் 70 செ.மீ. முதுகில் மேலிருந்து 25, 65, 105, 145, 185 மி.மீ. என ஐந்து துளைகளைக் குத்தூசியால் போடுங்கள். நடுத்துளையான மூன்றில் உள்ளிருந்து வெளியே வந்து, 10 செ.மீ. வாலை உள்ளே விடுங்கள். வெளியிலிருந்து இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே, மறுபடி இரண்டில் உள்ளே. மூன்றைத் தாண்டி நான்கில் வெளியே, ஐந்தில் உள்ளே, மறுபடி நான்கில் வெளியே, கடைசியாக மூன்றில் உள்ளே. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இரு முனைகளும் இருக்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். நைலான் வழுக்கும், அதனால் முதல் சுற்றிலேயே நூலை இரண்டு முறை நுழைத்து இறுக்கி, மேலே இன்னொரு முடிச்சு.

மடித்த கட்டில் உள்தாள்கள் ஒரு மில்லிமீட்டர் வரை பிதுங்கும். தைத்த பிறகு அளவுகோல் வைத்துக் கூரான கத்தியால் ஓரத்தைச் சீவுங்கள், தைப்பதற்கு முன் சீவினால் மறுபடியும் பிதுங்கும்.

பின்சேர்க்கை: “அளவு கொஞ்சம் சின்னதாக வந்துவிட்டது” என்ற புகாருக்குக் காரணம், அச்சிடும்போது கணினியில் திறக்கும் பெட்டியில் ‘ஃபிட்’ என்று இருப்பது. அதை ‘ஆக்சுவல் சைஸ்’ ஆக்குங்கள். “வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மங்கிவிட்டது” என்றால், படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெளியூர் நண்பர்கள் பழைய படங்களை அனுப்பும்போதும் இதையே முதலில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சுருங்கிய படத்தை மீட்க வழியில்லை.