தீபாவளி அலுப்பு: எங்கே தவறு நடக்கிறது?

தீபாவளி முடிந்த மறுநாள் பல வீடுகளில் கேட்கும் பேச்சு, "அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுது" என்பதுதான். ஆசையாகக் காத்திருந்த பண்டிகை தொல்லையாக முடிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பதினைந்து நாள் வேலையைக் கடைசி இரண்டு நாளில் அடைக்கிறோம், அதையும் வீட்டில் ஒருவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

எல்லாப் பலகாரத்தையும் முந்தின நாள் சுடுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. இரவு பதினொரு மணிவரை அடுப்படியில் நின்றவர், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்து, வெந்நீர் போட்டு, இட்லியும் ஊற்ற வேண்டும். பத்து மணிக்கு அவர் எரிந்து விழுந்தால் குற்றம் அவருடையதா?

எந்தப் பலகாரம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வரிசை போடுங்கள். அதிரசத்துக்கு மாவு ஊற வேண்டும் என்பதால் அதற்கு முன்கூட்டியே நாள் ஒதுக்க வேண்டும். ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஈரம் தட்டுப்படும்போதே அரைக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வர வேண்டும். பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முற்றிவிட்டால் கல்லாகிவிடும். கிளறிய மாவு ஒரு நாளாவது ஊற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஊறினால் இன்னும் நல்லது. அதனால் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே கிளறி மூடி வைத்துவிடலாம்.

முறுக்கை ஒரு வாரம் முன்பே பிழியலாம். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. வெண்ணெய் கூடினால் எண்ணெயிலேயே உதிரும். பலரும் கோட்டை விடுவது சுட்ட பிறகுதான்: சூடு ஆறுவதற்குள் டின்னில் போட்டு மூடினால் உள்ளேயே வேர்த்து, மறுநாள் நமுத்துப் போகும். ஐப்பசி மழைக்காலம் வேறு. நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத டின்னில் போடுங்கள்.

லட்டு, மைசூர்பாகு இரண்டு மூன்று நாள் முன்பு. பாலும் தேங்காயும் சேர்ந்த இனிப்புகள் முந்தின நாள். பண்டிகையன்று காலையில் வடை, சுழியம் இரண்டில் ஒன்று போதும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டு வெல்லம், நெய் விட்டுக் கிளறும் லேகியத்தையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிடலாம். பல வீடுகளில் கடைசிக்குத் தள்ளப்பட்டு விட்டுப்போவது அதுதான்.

இரண்டு இனிப்பு, இரண்டு காரம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதைக் கடையில் வாங்கினால் குறைந்துவிட மாட்டோம். "வீட்டில் செய்தால்தான் தீபாவளி" என்று சொல்பவர் இருந்தால், முறுக்குக் குழலை அவர் கையில் கொடுங்கள்.

"ஏதாவது உதவி வேணுமா?"

இப்படிக் கேட்பவர் உதவவில்லை. என்ன வேலை மிச்சம், எதை யாரிடம் சொல்வது என்று யோசிக்கும் பாரம் வழக்கமாக வேலை செய்பவரிடமே இருக்கிறது. ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் ஒருவர் பொறுப்பு என்றால், துணி கொடுப்பது, அளவு பார்ப்பது, வாங்கி வருவது எல்லாம் அவரே. (பல தையற்கடைகள் இரண்டு மூன்று வாரம் முன்பே "இனி எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிடும். ரவிக்கைத் துணியை அதற்குமுன் கொடுத்தாக வேண்டும்.) மளிகை ஒருவர், பட்டாசு ஒருவர், அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது ஒருவர். பெயரோடு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

அதற்குமுன் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, "உனக்கு எது ஒண்ணு இல்லேன்னா தீபாவளி மாதிரி இருக்காது?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள். ஒருவர் எண்ணெய்க் குளியல் என்பார், ஒருவர் பாட்டி கையால் புதுத்துணி வாங்குவது என்பார். யாருமே சொல்லாத வேலைகள் சில தேறும். அவற்றை இந்த ஆண்டு விட்டுவிடலாம்.

போக மட்டும் டிக்கெட்

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. நெல்லை, பாண்டியன், பொதிகை போன்ற வண்டிகளில் தீபாவளி நாட்களுக்குச் சில நிமிடங்களிலேயே காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். ஊருக்குப் போகும் நாளைக் குறித்து வைப்பவர்கள், திரும்பும் நாளுக்கு முன்பதிவு எப்போது திறக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஊரில் இருக்கும் இரண்டு நாளும் கையில் போனோடு தட்கலுக்குக் காத்திருப்பார்கள்: ஏசிக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்து, கூட்டம் வடிந்த பிறகு திரும்புங்கள். சென்னையிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

போனஸ் வருமுன்னே செலவு

கைக்கு வராத தொகையை நம்பி கார்டைத் தேய்த்தால் கார்த்திகை முழுக்கக் கடன் பேச்சுதான். வீட்டுவேலை செய்பவருக்கான பணம், பயணம், பெரியவர்களுக்குத் துணி மூன்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பட்டாசு வாங்குங்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என இரண்டு மணி நேரந்தான் அனுமதி என்பதால் பெரிய பெட்டி எப்படியும் மிஞ்சும்.

சர்க்கரை மாத்திரையும் தள்ளிப்போகும் டிபனும்

எண்ணெய்க் குளியல், பூஜை, பட்டாசு என்று காலை டிபன் ஒன்பது மணியைத் தாண்டும். சில சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ வழக்கமான நேரத்துக்கு எடுத்துவிட்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை சட்டென இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும். பெரியவர்களை முதலில் குளிக்கச் சொல்லி, மாத்திரை நேரத்துக்கே இட்லியைக் கொடுத்துவிடுங்கள்.

பேசாமல் எதிர்பார்ப்பது

தலை தீபாவளி வீடுகளில் மனத்தாங்கல் பெரும்பாலும் சீர், மோதிரம், யார் வந்து அழைப்பது என்பதில்தான் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மாதம் முன்பே ஆளுக்கு ஒருபக்கம், அவரவர் பெற்றோரிடம் பேசிவிட வேண்டும். மாமியாரிடம் மருமகளைப் பேசவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது பல குடும்பங்களில் வழக்கம். அதற்காக யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது தவறு. அந்த வீட்டுக்கு உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் வழக்கந்தான். முதல் நாளே போன் செய்து கேளுங்கள். வெடிச்சத்தம் ஓய்ந்த மத்தியான வேளையில் முறுக்கும் கொஞ்சம் இனிப்பும் எடுத்துக்கொண்டு போய், காபி குடித்து, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாமல் கேட்டுவிட்டு வாருங்கள்.