பக்கத்து வீட்டு நாய் பாய்கிறதா? கேட்டிலிருந்து கோட்டாட்சியர் வரை

நாய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சரியாக விழாத கொண்டியா, கேட்டின் அடி இடைவெளியா, கார் எடுக்கும்போது திறக்கும் பெரிய கேட்டா, சுவரை ஒட்டிக் கிடக்கும் துவைக்கிற கல்லா? ஒரு நாயின் குணத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அது வெளியே வரும் வழியை அடைக்க ஒரு வெல்டருக்கு அரை நாள் போதும். பக்கத்து வீட்டாரிடம் பேசுவதும், பிறகு மனு எழுதுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருந்தால் காரியம் நடக்கும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், யார்மேல் பாய்ந்தது, எவ்வளவு தூரம் துரத்தியது, எங்கே நின்றது என்று எழுதுங்கள். அது எப்போது, எங்கே பாய்கிறது என்ற ஒழுங்கு ஏழு நாளில் தெரிந்துவிடும்.

கேட்டுக்கு உள்ளே நின்று கம்பியில் மோதிக் குரைக்கும் நாயைப் பாருங்கள். தெருவில் போகிறவர் எப்படியும் கடந்துதான் போவார். ஆனால் நாய்க்கு, தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று படும். தினமும் பத்துப் பேரிடம் 'ஜெயித்த' நாய் அடுத்த மாதம் இன்னும் மூர்க்கமாக இருக்கும். பால்காரரையும் சிலிண்டர் போடுபவரையும் கண்டால் அது வெறியாவது இதனால்தான். இதற்கு மருந்து, அதன் பார்வையை மறைப்பது.

விடிகாலையில் காலைக்கடனுக்காக அவிழ்த்துவிடும் பழக்கம் இருந்தால், தொல்லை அந்த அரை மணி நேரத்தில்தான் வரும். பகல் முழுதும் சங்கிலியில் கிடந்து இரவில் அவிழ்க்கப்படும் நாய்க்கு அடக்கிவைத்த வேகம் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். குட்டி போட்ட பெட்டை நாய் ஆறு, எட்டு வாரம் யாரையும் அருகே விடாது, பிறகு தணிந்துவிடும்.

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் அது வேறு கதை. எச்சில் ஒழுகுவது, நடை தள்ளாடுவது, குரல் மாறுவது, கல், கட்டை என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடிப்பது ஆகியவை ரேபிஸ் அறிகுறிகள். கிட்டே போகாதீர்கள். வீட்டாருக்கும் மாநகராட்சி அல்லது நகராட்சிக்கும் உடனே சொல்லுங்கள். சென்னையில் எண் 1913.

எதிரே வந்து நின்றால்

ஓடாதீர்கள். ஓடுவது எதுவானாலும் துரத்துவது நாயின் பிறவிக் குணம். நேராகக் கண்ணைப் பார்க்காமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடம்போடு ஒட்டி அசையாமல் நில்லுங்கள். பை, குடை, தண்ணீர்க் குடம் என்று எது கையில் இருந்தாலும் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். அது ஆர்வம் இழந்ததும், முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குங்கள். வால் ஆடுகிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். உடல் விறைத்து, வால் உயரத் தூக்கி வெடுக்கென்று ஆடினால் அது சிநேகம் இல்லை.

வண்டியில் போகும்போது துரத்தினால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். பல நேரம் கடியைவிட வண்டியோடு விழுவதுதான் எலும்பை முறிக்கிறது. வேகத்தைக் குறைத்து, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வண்டி வருமாறு நிறுத்துங்கள். ஓட்டம் நின்றால் பெரும்பாலான நாய்களுக்கு விளையாட்டு முடிந்துவிடும். கீழே தள்ளிவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே பழக்கிவிடுங்கள்: 'மரம்' என்றால் அசையாமல் நிற்க வேண்டும், 'கல்' என்றால் சுருண்டு படுக்க வேண்டும்.

கடித்துவிட்டால்

சண்டை அப்புறம். முதலில் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பிறகு பொவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடி என்றால் ஊசி மட்டும் போதாது, காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பு சக்தியை உண்டாக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே தடுப்பது இந்த மருந்துதான். முதல் நாளே இதைக் கேட்டு வாங்குங்கள். தவறிப்போனால் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும்.

'எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு' என்று அவர்கள் சொல்வதை நம்பி உங்கள் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நாயை அடித்துக் கொல்லவோ எங்காவது கொண்டுபோய் விடவோ விடாதீர்கள். அதைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசிகள் பற்றி மருத்துவர் முடிவு சொல்வார்.

கடித்தது யார் வீட்டு நாய், எந்த இடத்தில் கடித்தது என்று அரசு மருத்துவமனையில் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். நகலும் ஓ.பி. சீட்டும் பின்னால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பேசும். காயத்தைக் கட்டுப்போடும் முன் படம் எடுத்து வையுங்கள்.

வீட்டாரிடம் பேசுவது

நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசாதீர்கள், குரல் தானாக ஏறிவிடும். போனில் நேரம் கேட்டுக்கொண்டு, தனியாகவோ வீட்டில் இன்னொருவரோடோ போங்கள். பத்துப் பேர் திரண்டு போனால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார்.

'உங்க நாய் மோசமான நாய்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. நடந்ததையும் கேட்பதையும் மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, நேத்து காலைல ஏழேகாலுக்குப் பாப்பாவ ஸ்கூல் வேன்ல ஏத்தப் போனப்ப நாய் வெளிய வந்துருச்சு. கேட் கொண்டி சரியா விழ மாட்டேங்குது. அத மட்டும் மாத்திருங்கண்ணே."

நிச்சயம் வரும் பதில், "அது ஒண்ணும் பண்ணாது." அதோடு வாதாடாதீர்கள். "பண்ணாதுதாண்ணே, ஆனா பாப்பா பயந்து ஓடி விழுந்துட்டா என்ன பண்றது?" என்று பேச்சை மறுபடி கேட் விஷயத்துக்கே கொண்டுவாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆண் நாய் என்றால் கருத்தடை பற்றியும் சொல்லலாம். பெட்டையைத் தேடித் தெருவில் அலைவது அதனால் குறையும். ஆனால் பயத்தால் கடிக்கும் நாய் கருத்தடையால் மாறாது.

அவர்கள் வாடகைக்கு இருந்தால் கேட் அவர்களுடையது அல்ல, வீட்டுச் சொந்தக்காரரையும் பேச்சில் சேருங்கள்.

நாயின் பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை, வெட்டவெளியில் ஓடிப் பழகியவை. அவற்றை இரண்டு சென்ட் வீட்டில் மூன்றடிச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைத்தால் மூர்க்கம்தான் வளரும். காலையும் மாலையும் அரை மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்திக் கூட்டிப்போனாலே பாதி வேகம் வடியும். எப்போதும் கட்டிப்போட்டிருக்கும் நாயை நடமாட விடாததும், மிகக் குட்டையான சங்கிலியில் கட்டுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் குற்றங்கள்.

கேட்டும் சுவரும்

வெல்டரிடம் சொல்ல வேண்டிய வேலைகள் இவை. கேட்டின் அடிப்பக்கம் நான்கு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால், தரைக்கு இரண்டு விரல் மேலே வரை பட்டைக் கம்பியோ வெல்டு மெஷ்ஷோ வைத்து அடைக்க வேண்டும். கம்பி கேட்டானால் அடியிலிருந்து நான்கடி உயரத்துக்குத் தகடு அடிக்க வேண்டும். நாயின் முகம் கம்பி வழியே நீளாது, தெருவும் கண்ணில் படாது. மூக்கால் தூக்கிக் கொண்டியைத் திறக்கக் கற்ற நாய்கள் நிறைய உண்டு. கொண்டியில் ஒரு துளை போட்டுக் கொக்கியோ பூட்டோ மாட்டினால் அது நின்றுவிடும். சின்னக் கேட்டுக்கு ஸ்பிரிங் கீல் போட்டால், ஆள் மறந்து போனாலும் தானாக மூடிக்கொள்ளும்.

அதிகம் தப்புவது கார் கேட் வழியாகத்தான். ஒருவர் காரை எடுப்பார், இன்னொருவர் கேட்டைத் திறப்பார், நாய் இருவருக்கும் நடுவே தெருவில் இருக்கும். கேட்டைத் தொடும் முன் நாயைக் கட்டுவது என்ற பழக்கம் பிடிபடும்வரை, போர்ட்டிகோவுக்குக் குறுக்கே நான்கடி உயரத்தில் இரண்டாவதாக ஒரு கேட் வைப்பதே உறுதி.

ஐந்தடிச் சுவர் நடுத்தர நாய்க்குப் போதும், வேட்டை நாய்க்குப் போதாது. சுவரை ஒட்டிய துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு எல்லாம் அதற்குப் படிக்கட்டு. அவற்றை நான்கடி தள்ளிவைத்தாலே பல நாய்களால் தாண்ட முடியாது. இன்னும் தாண்டினால், சுவர் மேல் ஆங்கிளை அவர்கள் பக்கம் சாய்த்து நிறுத்தி ஒன்றரையடி வலை கட்ட வேண்டும். கண்ணாடித் துண்டு பதிப்பதும் கரண்ட் கம்பி இழுப்பதும் கூடவே கூடாது. அதில் முதலில் சிக்குவது பந்து எடுக்க ஏறும் பிள்ளைகள்.

உங்கள் பக்கம் நீங்களே செய்யக்கூடியது: இடைவேலியில் 90 சதவீத நிழல்வலையை ஆறடிக்கு இழுத்துக் கட்டுங்கள். வேலிக்கு அடியில் தோண்டி வருகிறது என்றால் ஓரடி பள்ளம் எடுத்து, ஹாலோ பிளாக்கையோ கல்பலகையையோ வரிசையாகப் புதையுங்கள்.

அடுக்குமாடியில் இந்த வேலைகள் பொருந்தாது. சங்கம் நாய் வளர்ப்பதையே தடைசெய்ய முடியாது. ஆனால் லிஃப்டிலும் படிக்கட்டிலும் கயிறு, நடத்தும் நேரம் ஆகியவற்றை எழுத்தில் முடிவுசெய்யலாம்.

எழுத்தில் இறங்கும்போது

இரண்டு வாரம் பொறுத்தும் கொண்டி மாறவில்லை என்றால், பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். திட்டு வேண்டாம், தேதிகளும் கேட்கும் வேலையும் மட்டும். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மனு:

"எங்கள் தெரு, கதவு எண் __ வீட்டில் வளர்க்கப்படும் பழுப்பு நிற ஆண் நாய் பொதுத் தெருவுக்கு வந்து நடந்து செல்வோரைத் துரத்துகிறது. ஆறு நாட்களில் நடந்தவற்றைத் தேதி, நேரத்துடன் இணைத்துள்ளோம். நாயை வீட்டு எல்லைக்குள் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிடவும், உரிமத்தையும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றையும் சரிபார்க்கவும் வேண்டுகிறோம்."

இதில் நாய் தெருவுக்கு வந்த படமோ வீடியோவோ இரண்டு, மூன்று இருக்கட்டும். அவர்கள் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள். முக்கியமாக, தெருவில் நாலைந்து வீட்டார் கையெழுத்து வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் அது 'பக்கத்து வீட்டுத் தகராறு' என்று ஓரங்கட்டப்படும்.

முதல் பிரதி மாநகராட்சி அல்லது நகராட்சிக்கு. அங்கே அசையாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணும் உண்டு. கடித்திருந்தால் காவல் நிலையம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. புகாரில் இந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

காவல் நிலையம்வரை போக மனமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். இலவச உதவி எண் 15100. தினமும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் எண்ணம்.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் தெருவில்தான் என்றால் கோட்டாட்சியர். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில், ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கவோ அப்புறப்படுத்தவோ அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். அழிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அடைத்துவைக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், அதுதான் விரைவில் கிடைக்கும். இது பொதுத்தொல்லைக்கான பிரிவு என்பதால் தெருவார் கையெழுத்து இங்கேதான் முழுப் பலன் தரும்.

இத்தனை படி ஏறப் பொறுமையில்லாமல் யாராவது விஷ உருண்டை பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். விலங்கைக் கொல்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்தாண்டுவரை சிறை. வலியில் துடித்துச் சாவது, கேட்டை அடைக்காத மனிதனுக்குப் பதில் ஒரு வாயில்லா ஜீவன். அந்த உருண்டையைத் தெருவில் விளையாடும் குழந்தையும் எடுக்கும்.

உத்தரவு கைக்கு வந்த பின்னும் நோட்டை மூடிவிடாதீர்கள். நாய் மறுபடி வெளியே வந்தால் தேதியோடு எழுதி, உத்தரவின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். அரசு உத்தரவை மீறுவது பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவில் தனிக் குற்றம்.