கப்பல் பயணத்தில் பஃபேவா, டைனிங் ரூமா? பலரும் செய்யும் தவறுகள்

சொகுசுக் கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்தான் குழப்பம். மேல் தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டி, தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ளும் பஃபே இருக்கும். கீழ்த் தளங்களில் மெயின் டைனிங் ரூம். அங்கே மேசை விரிப்பு, மெனு அட்டை, பரிமாற ஆள், சூப்பில் தொடங்கி இனிப்பில் முடியும் நிதானமான சாப்பாடு. முதல் முறை போகிறவர்கள் இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். எந்த வேளைக்கு எது என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். டைனிங் ரூம் பார்க்க ஆடம்பரமாக இருப்பதால், தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறைய. அப்படி இல்லை. ராயல் கரீபியன், கார்னிவல், எம்எஸ்சி, பிரின்சஸ் போன்ற பெரிய நிறுவனங்களிலும், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கெண்டிங் ட்ரீம் கப்பலிலும், மெயின் டைனிங் ரூம் சாப்பாடு டிக்கெட் விலையிலேயே அடக்கம். தனிக் கட்டணம் வாங்குபவை ஸ்டெய்க் ஹவுஸ், சுஷி, இத்தாலிய உணவகம் போன்ற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்கள்தான். கப்பலின் ஆப்பில் ஒவ்வொரு உணவகத்தின் பெயருக்குப் பக்கத்திலும் கட்டணம் உண்டா இல்லையா என்று போட்டிருக்கும். ஏறிய உடனே அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டைனிங் ரூமுக்குள்ளும் சில பண்டங்களுக்கு மட்டும் காசு உண்டு. ஒன்றுக்கு இரண்டாக மெயின் டிஷ் கேட்டால் பொதுவாக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கார்னிவல் மூன்றாவது மெயின் டிஷ்ஷிலிருந்து 5 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. ராயல் கரீபியனில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பரிமாறும் இரவன்று முதல் லாப்ஸ்டர் இலவசம், இரண்டாவது கேட்டால் பில்லில் ஏறும். அந்த லாப்ஸ்டர் வழக்கமாக டைனிங் ரூமில்தான் வரும். அன்றைக்கும் பஃபேவிலேயே சாப்பிட்டவருக்கு அப்படி ஓர் இரவு இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

சரி, வேளைக்கணக்குக்கு வருவோம்.

கப்பல் ஏறும் நாளிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஆட்களை ஏற்றத் தொடங்குவார்கள். கேபின் தயாராக மதியம் ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். அதுவரை போக இடமில்லாமல், கைப்பையும் குழந்தைகளுமாக எல்லோரும் பஃபேவுக்குத்தான் போவார்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் முதல் பந்தி மாதிரி இருக்கும். தட்டோடு இடம் தேடி அலைந்துவிட்டு, இந்தக் கப்பலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில கப்பல்களில் அன்று மதியம் டைனிங் ரூமும் திறந்திருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் பீட்சா, சாண்ட்விச் கடை ஏதாவது இருக்கும். அங்கே வயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டு, கேபின் திறந்தபின் நிதானமாக வரலாம்.

துறைமுகத்தில் இறங்கும் நாட்களில் காலைச் சாப்பாட்டுக்கு பஃபேதான் சரி. எட்டு மணிக்குச் சுற்றுலா பஸ் கிளம்புகிறது என்றால், டைனிங் ரூமில் ஆம்லெட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பஸ் போயே போய்விடும். கப்பல் நாள் முழுக்கக் கடலிலேயே ஓடும் நாளில் கதை மாறும். அன்று ஒன்பது, ஒன்பதரைக்கு மொத்தக் கப்பலும் எழுந்து பஃபேவுக்குத்தான் வரும். டைனிங் ரூமிலோ அன்று காலையில் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். கார்னிவலில் காலை, மதியம் இரண்டு சாப்பாட்டையும் சேர்த்து, மதியம் வரை நீளும் ப்ரஞ்ச்சே உண்டு. டைனிங் ரூம் என்றாலே இரவுச் சாப்பாடு என்று நினைப்பதால்தான் இந்த வசதி கண்ணில் படுவதில்லை.

பஃபே எந்நேரமும் திறந்திருக்கும் என்று நம்புவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். பல கப்பல்களில் இரவு ஒன்பது, ஒன்பதரையோடு மூடிவிடுவார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்பதரைக்கு மேல் ஆற அமரக் கிளம்பிப் போனால், துடைத்த மேசைகள்தான் வரவேற்கும். அப்புறம் பீட்சாதான் கதி.

சைவக்காரர்கள் முதல் இரவைத் தவறவிடக் கூடாது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தொடாதவர்கள், ஏதாவது ஒவ்வாமை உள்ளவர்கள் பெரும்பாலும் பஃபேவே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா என்பது அவர்கள் வாதம். கண்ணால் பார்த்துத் தெரியாத விஷயங்கள்தான் அங்கே அதிகம். காய்கறி சூப்பின் அடியில் சிக்கன் ஸ்டாக், அதாவது கோழியை வேகவைத்த சாறு, இருக்கலாம். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி போடுவது மேற்கத்திய சமையலில் சாதாரணம். சீசர் சாலட்டின் ட்ரெஸிங்கில் நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் உண்டு. மூஸ், பன்னா கோட்டா போன்ற இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். தாய்லாந்து ஸ்டைல் காய்கறியில் மீன் சாஸ். முட்டை சேர்த்தது பலருக்கு அங்கே சைவம்தான். இதெல்லாம் போக, பக்கத்துப் பாத்திரத்தில் இருந்த கரண்டியை யாரோ ஒருவர் அவசரத்தில் எடுத்து இதில் போட்டிருப்பார்.

டைனிங் ரூமில் இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். ஹெட் வெயிட்டர் என்பார்கள். முதல் இரவே அங்கே போய், எது ஆகும், எது ஆகாது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே வெஜிடேரியன் என்றால் போதாது. முட்டை உண்டா, பால் உண்டா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். பல கப்பல்களில் இப்படிச் சொன்னவர்களுக்கு மறுநாள் மெனுவை முதல் நாளே காட்டி, என்ன வேண்டும் என்று குறித்துக்கொள்வார்கள். சமையலறையில் அது தனியாகத் தயாராகும். இந்திய உணவு கேட்டாலும் பெரும்பாலும் செய்து தருவார்கள். கப்பல் ஊழியர்களில் இந்தியர்கள் நிறையப் பேர், சமையலறையிலும் இருப்பார்கள். கார்னிவல் மெனுவில் இந்திய சைவம் என்று ஒரு வரியே பல காலமாக உண்டு. கெண்டிங் ட்ரீம் போன்ற ஆசியக் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பருப்பும் ரொட்டியும் பஃபேவிலேயே கிடைக்கும். அலாஸ்கா போகும் கப்பலிலோ நார்வே போகும் கப்பலிலோ அதை எதிர்பார்க்க முடியாது. அங்கேதான் ஹெட் வெயிட்டரின் அருமை தெரியும்.

ஆனால் நாலாம் நாள் போய்ச் சொன்னால் பாதிப் பயணம் முடிந்திருக்கும். மூன்று நாள் பிரெட்டும் சாலடும் தின்று வெறுத்துப்போன பிறகுதான் பலருக்கு இந்த யோசனையே வருகிறது. புக்கிங் செய்யும்போதே உணவுத் தேவையைக் குறிப்பிட்டாயிற்றே என்று சும்மா இருப்பதும் சரியில்லை. அந்தத் தகவல் கப்பலுக்கு வந்திருக்கும். உங்கள் மேசைக்கு வரும் வெயிட்டர் காதுக்கு எட்டியதா என்பது வேறு விஷயம். எழுதியும் கொடுங்கள், நேரிலும் சொல்லுங்கள். நிலக்கடலை, இறால் போன்றவற்றுக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தால் பஃபேவை முடிந்தவரை தவிர்ப்பதே நல்லது.

எந்த நேரத்து மேசை?

டைனிங் ரூமில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, தினமும் குறித்த நேரம், அதே மேசை, அதே வெயிட்டர். இதில் மாலை ஐந்தரை, ஆறு மணியை ஒட்டி ஒரு சுற்று, எட்டு மணியை ஒட்டி இன்னொரு சுற்று. மற்றது, விரும்பிய நேரத்தில் போய் உட்காருவது. நார்வீஜியன் க்ரூஸ் லைன் 2000-இல் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் குறித்த நேரத்தையே எடுத்துவிட்டது. டிஸ்னி கப்பல்களில் வேறொரு முறை: ஒவ்வொரு இரவும் உணவகம் மாறும், வெயிட்டர் மட்டும் உங்களோடு கூடவே வருவார்.

முதல் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்வது. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு ஷோவுக்குப் போகலாம் என்ற எண்ணம். குழந்தைகள், வயதானவர்கள் கூட இருந்தால் அது சரிதான். ஆனால் கோடையில் மத்தியதரைக் கடல் பக்கம் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள். கப்பல் மாலை ஆறு, ஏழு மணிக்குத்தான் கிளம்பும். வெளிச்சம் எட்டரை வரைகூட இருக்கும். ஐந்தரை மணிச் சாப்பாட்டுக்காக நேப்பிள்ஸிலிருந்தோ பார்சிலோனாவிலிருந்தோ ஓடி வருவது கொடுமை. எட்டு, எட்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இரண்டாம் சுற்றே ஒத்துவரும். விருப்ப நேரத்தை எடுத்தவர்கள் ஏழு மணிக்குப் போனால் வரிசையில் நிற்க நேரிடும். ஆப்பில் முன்கூட்டியே நேரம் குறித்துவிடுவது நல்லது. அதே வெயிட்டரின் பகுதியில் மேசை வேண்டும் என்று கேட்டாலும் இடம் இருந்தால் கொடுப்பார்கள்.

ஒரு சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் உட்காருமா என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். பிள்ளையின் தட்டை முதலில் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள். நாள் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு வந்த இரவில் அதுவும் வேண்டாம். பஃபேவில் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு இரவு வராவிட்டால் மேசை பறிபோகாது.

கோட்டு சூட்டுப் பயம்

டைனிங் ரூமைத் தவிர்க்க ஆண்கள் சொல்லும் முக்கியக் காரணம் உடை. இந்தப் பயம் கப்பலுக்குக் கப்பல் வேறுபடும் ஒரு விஷயத்தை எல்லாக் கப்பலுக்கும் பொதுவாக்கியதால் வந்தது. பெரும்பாலான கப்பல்களில் சாதாரண இரவுக்குக் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போதும். நீச்சல் உடை, கையில்லாத பனியன் இரண்டும்தான் நிச்சயமாகக் கூடாது. அரைக்கால் டவுசருக்கும் ரப்பர் செருப்புக்கும் பல இடங்களில் இரவில் அனுமதி இல்லை. ஒரு வாரப் பயணத்தில் ஓரிரு இரவு ஃபார்மல் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அன்றும் பல கப்பல்களில் டை இல்லாமலே உள்ளே விடுகிறார்கள்.

கண்டிப்பு என்றால் குனார்ட் நிறுவனத்தின் குவீன் மேரி 2 போன்ற கப்பல்களில்தான். காலா என்று சொல்லும் விசேஷ உடை இரவுகளில் அங்கே ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட்டோ அடர் நிற சூட்டோ வேண்டும். அதில் விருப்பமில்லாதவர்கள் அன்று கிங்ஸ் கோர்ட் பஃபேவிலோ கோல்டன் லயன் பப்பிலோ சாப்பிடலாம். சம்பிரதாயமான தேசிய உடையும் அங்கே ஏற்கப்படும். பெண்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்தால் எந்தக் கப்பலின் எந்த இரவுக்கும் சரியாக இருக்கும்.

கத்தி, கரண்டி வரிசையைப் பார்த்து மிரள வேண்டாம். வெளியில் இருப்பதிலிருந்து தொடங்கி உள்ளே வர வேண்டியதுதான். தவறினாலும் வெயிட்டர் சத்தமில்லாமல் வேறொன்றை எடுத்து வைத்துவிட்டுப் போவார். ரொட்டியைக் கையால் பிய்த்துச் சாப்பிடுவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

கை கழுவாமல் பஃபேவுக்குப் போவது

வாசலில் இருக்கும் சானிடைசரை ஒரு சொட்டு தடவிக்கொண்டு உள்ளே போவது போதாது. கப்பல்களில் பரவும் வாந்தி பேதிக்கு அடிக்கடி காரணமாக இருப்பது நோரோ வைரஸ். ஆல்கஹால் சானிடைசர் அதன்மேல் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் தண்ணீரும் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் தொட்ட கரண்டிப் பிடியைத் தொட்டுவிட்டு, அதே கையால் பன்னை எடுத்துக் கடிப்பதுதான் ஆபத்து. பரிமாறும் கரண்டியைத் தொட்டு முடித்தபின், உட்காரும் முன் இன்னொரு முறை கழுவலாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86-க்குக் கீழே வந்தால் தோல்வி. மதிப்பெண்கள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். புக் செய்யும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

பஃபேவிலேயே சாப்பிட்டோமே, டிப்ஸ் எதற்கு என்று கடைசி நாளில் கவுன்டரில் வாதாடுகிறவர்களும் உண்டு. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்க்கப்படும் தொகை, தட்டு எடுப்பவர், கேபின் சுத்தம் செய்பவர் என்று பலருக்கும் பிரிந்து போகிறது. நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பஃபேவிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம் என்று பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்குவது இன்னொன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதில் மாட்டினால் அபராதம் கடுமையாக இருக்கும். அமெரிக்காவிலும் பழம் கொண்டு இறங்க விடமாட்டார்கள். பசிக்கும் என்று தோன்றினால் கப்பலிலேயே தின்றுவிட்டு இறங்குங்கள்.

இறங்கும் நாள் காலையிலும் பஃபே முதல் நாள் மதியம் போலவே நிரம்பி வழியும். கேபினைக் காலி செய்யச் சொல்லிவிடுவதால் பெட்டிகளோடு எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். பல கப்பல்களில் அன்று டைனிங் ரூமும் அதிகாலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். எத்தனை மணி வரை என்று முந்தின இரவே ஆப்பில் பார்த்து வைத்துவிட்டால், உட்கார்ந்து காபி குடித்துவிட்டு இறங்கலாம்.